மாப்ள, அந்தப் பணத்தை இப்போது புடாபெஸ்டுக்கு அனுப்பாதே

அன்புள்ள மாப்ள,

வெளிநாட்டு ஆர்கெஸ்ட்ராவில் ரெக்கார்ட் பண்ணலாமா என்று கேட்ட உன் மெயிலும், உன் பொண்ணு, நம் பாப்பா, ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிய ஸ்கோரும் (எல்லா வாத்தியத்தின் நோட்ஸும் சேர்ந்த பிரதி) கிடைத்தது. மேலோட்டமாகப் புரட்டிவிட்டு ஒரு வரி பாராட்டு எழுதி அனுப்ப மனசு வரவில்லை, அதனால்தான் தாமதம். பகலில் டிரினிட்டி இசை கிரேடு பரீட்சைக்குப் பிள்ளைகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ராத்திரி சாப்பாடு முடிந்தபிறகு மொட்டை மாடியில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்தேன். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு அரவிந்தில் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து பழையபடி பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். வெயில்தான் நரிமேட்டில் யாரையும் பன்னிரண்டு மணிக்கு மேல் வெளியே விடுவதில்லை.

முதலில் என் மருமகளிடம் இதைச் சொல்: நன்றாக எழுதியிருக்கிறாள். நடுவில் மற்ற எல்லாம் அடங்கி வயோலாவும் செல்லோவும் மட்டும் மாறி மாறிப் போகிற இடம் இருக்கிறதே, வயலினை எடுத்து அந்த இடத்தை வாசித்தே பார்த்தேன், இரண்டு நாளாக மண்டைக்குள் ஓடுகிறது. குறை என்று பார்த்தால், கம்ப்யூட்டர் வாசித்துக் காட்டுவதை நம்பி எழுதியது சில இடங்களில் தெரிகிறது. ஃப்ளூட்டின் அடி சுரங்களில் மெலடியைக் கொடுத்துவிட்டு அதே நேரம் மூன்று டிராம்போனையும் சத்தமாக ஊத விட்டிருக்கிறாள். சாஃப்ட்வேரில் வால்யூமை ஏற்றினால் ஃப்ளூட் கேட்கும், ஹாலில் சுத்தமாகக் கேட்காது. ஹார்ன்காரருக்கு மூச்சு விட இடமில்லாமல் இரண்டு பக்கம் ஓடுகிறது. இதெல்லாம் புத்தகத்தில் இருப்பதுதான், அவளும் படித்திருப்பாள். ஆனால் வாசிக்கிற ஆள் எதிரில் உட்கார்ந்து, வாசித்து, முகத்தைச் சுளித்தால்தான் அது உள்ளே இறங்கும்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பி.எஃப். பணத்தில் ஒரு பகுதியை எடுத்து வெளிநாட்டு ஆர்கெஸ்ட்ராவில் ரெக்கார்ட் பண்ணிக் கொடுக்கலாமா என்கிறாய். இப்போதைக்கு வேண்டாம்டா. ஹங்கேரியின் புடாபெஸ்டிலும் மாசிடோனியாவின் ஸ்கோப்யேவிலும் அருமையான ஆட்கள் இருக்கிறார்கள், நம் சினிமாக்காரர்களும் அங்கே நிறைய ரெக்கார்ட் செய்கிறார்கள். மணிக்கணக்கில் காசு, நாம் இங்கே ஹெட்போனைப் போட்டுக்கொண்டு இன்டர்நெட்டில் கேட்கலாம், அவர்கள் பார்த்தவுடனே வாசித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். படம் ரிலீஸ் தேதி கழுத்தை நெரிக்கும்போது அது ரொம்பச் சரி. ஆனால் பாப்பாவுக்கு வேண்டியது ஒரு ஃபைல் இல்லை. எழுதியதை மனுஷர்கள் வாசிக்க, அவள் அதே ஹாலில் நிற்க, 'இந்த இடத்தில் வயலின் வில்லை எப்படித் திருப்புவது' என்று ஒருத்தர் அவளைக் கேட்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் உலகம் முழுக்க இளம் இசையமைப்பாளர்கள் அலைகிறார்கள்.

லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா 2005-லிருந்து பனூஃப்னிக் திட்டம் என்று ஒன்று நடத்துகிறது. வருடத்துக்கு ஆறு பேர். ஆளுக்கு மூன்று நிமிடம் போல ஒரு சின்ன படைப்புதான், சிம்பொனி எல்லாம் இல்லை. ஆனால் அந்த மூன்று நிமிடத்தை முழு ஆர்கெஸ்ட்ரா உட்கார்ந்து வாசித்து, நிறுத்தி, பேசி, மறுபடி வாசிக்கும். அமெரிக்கன் கம்போசர்ஸ் ஆர்கெஸ்ட்ராவின் இயர்ஷாட் திட்டமும் அதே மாதிரி வாசித்துப் பார்க்கிற 'ரீடிங்'தான். இரண்டும் அந்தந்த நாட்டுப் பிள்ளைகளை நினைத்து ஏற்படுத்தியவை, நமக்கு நேராக உதவாது. நான் சொல்ல வருவது, அத்தனை வசதியுள்ள ஊரிலேயே ஆரம்பம் மூன்று நிமிடத்தில்தான் இருக்கிறது.

எந்த நாட்டவரும் அனுப்பக்கூடிய போட்டிகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது டோக்கியோவின் தகெமிட்ஸு போட்டி. 1997-ல் ஆரம்பித்தது, 35 வயது வரை அனுப்பலாம். அதன் விசேஷம் என்னவென்றால் கமிட்டியே கிடையாது, வருடத்துக்கு ஒரே ஒரு பெரிய இசையமைப்பாளர்தான் நடுவர். 1998-ல் லிகெட்டி, அடுத்த வருடம் பெரியோ. பத்துப் பேர் சேர்ந்து எல்லாருக்கும் பொதுவாக ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில்லை, ஒரு மனுஷர் தன் காதை நம்பிச் சொல்கிறார். இறுதிச் சுற்றுக்கு வந்த படைப்புகளைக் கச்சேரியில் ஆர்கெஸ்ட்ராவே வாசிக்கும், பரிசு அப்புறம்தான். ஸ்விட்சர்லாந்தில் பாஸல் போட்டி 2017-லிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது, அந்த ஊர் ஆர்கெஸ்ட்ராக்கள் பங்கேற்கின்றன. இந்த இரண்டையும் குறித்து வைக்கச் சொல். நுழைவுக் கட்டணம் மட்டும் வாங்கிக்கொண்டு, ஜெயித்தாலும் யாரும் வாசிக்கமாட்டார்கள், சான்றிதழ்தான் என்கிற போட்டிகளின் பக்கமே போக வேண்டாம்.

நம் பக்கத்து நிலைமை உனக்குத் தெரியும். மும்பையில் என்சிபிஏ கலை மையத்தில் 2006-ல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா இருக்கிறது. 2015-ல் ஜாகிர் உசேனிடம் ஆர்கெஸ்ட்ராவோடு தபலா வாசிக்கிற கான்செர்ட்டோ ஒன்று எழுதி வாங்கி அரங்கேற்றினார்கள். நல்ல காரியம், ஆனால் அவர் ஏற்கெனவே உலகம் அறிந்தவர். பண்ணைப்புரத்திலிருந்து கிளம்பிய நம் ராஜா, எத்தனையோ ஆயிரம் பாட்டுக்கு ஆர்கெஸ்ட்ரா எழுதியவர், சிம்பொனியை மேடையில் கேட்க 2025 மார்ச்சில் லண்டனுக்குத்தான் போக வேண்டியிருந்தது. அப்போது அவருக்கு 81 வயது. அந்தச் செய்தி வந்த அன்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது, ஆற்றாமையாகவும் இருந்தது. அவருக்கே அப்படி என்றால் இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு இங்கே யார் வாசிப்பார்கள்?

அதனால் இங்கேயே நாமே ஒரு ரீடிங் வைப்போம் என்கிறேன். வியன்னா இசையமைப்பாளர் ஷூபர்ட் 1828-ல் செத்துப்போனார். அவருடைய பெரிய சி மேஜர் சிம்பொனி பதினோரு வருடம் கழித்து ஜெர்மனியின் லைப்சிக்கில் அரங்கேறியது எதனால்? இன்னொரு இசையமைப்பாளர் ஷூமன் வியன்னாவில் ஷூபர்ட்டின் அண்ணன் வீட்டில் அந்தக் கையெழுத்துப் பிரதியைப் பார்த்து அனுப்பி வைக்க, இசையமைப்பாளர் மெண்டல்சன் ஆர்கெஸ்ட்ராவை நடத்திக் கொடுத்தார். எழுதியவருக்காக வேறு யாரோ ஓடியிருக்கிறார்கள். நாம் உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு ஓடுவோமே.

ஆட்களைக் கணக்குப் போட்டேன். என்னிடம் படித்துப் பெரிய கிரேடு முடித்த பிள்ளைகள், சர்ச்சில் வாசிக்கிறவர்கள், இவர்களோடு நான் ஸ்டுடியோவில் வாசித்த காலத்து நண்பர்கள் இரண்டு பேர் சென்னையிலிருந்து செல்லோவும் வயோலாவும் வாசிக்க வருகிறேன் என்கிறார்கள். போலீஸ் பேண்டில் இருந்து ரிட்டயர் ஆன கிளாரினெட்காரர் ஒருவர் தல்லாகுளத்தில் இருக்கிறார், நோட்ஸ் பார்த்து வாசிப்பது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. டிரம்பெட்டுக்கு இரண்டு பேர் கிடைப்பார்கள். ஓபோ, பஸூன் கிடைக்காது, அவை இல்லாமல் எழுதட்டும். வாசிக்கிற எல்லாருக்கும் சம்பளமும் பஸ் காசும் கொடுத்தாக வேண்டும், கலைச்சேவை என்று சும்மா கூப்பிடுவது எனக்குப் பிடிக்காது. புடாபெஸ்டுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு சின்னப் பங்கு போதும்.

ஒரு விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பல போட்டிகளில் இதுவரை எங்கும் அரங்கேறாத படைப்பைத்தான் கேட்பார்கள். ஆகவே இப்போது எழுதியதை இங்கே தொட வேண்டாம், அது டோக்கியோவுக்கு இருக்கட்டும். நமக்காக நாலு நிமிடத்துக்குள் புதிதாக ஒன்று எழுதச் சொல். ஒவ்வொரு வாத்தியத்துக்குமான நோட்ஸை, அதாவது பார்ட்களை, தனித்தனியாக அவளே எடுக்கட்டும்: கிளாரினெட்டுக்கு பி ஃப்ளாட்டில் மாற்றி எழுதி, பார் நம்பர் போட்டு, பக்கம் திருப்புகிற இடத்தில் கைக்கு ஓய்வு வருகிற மாதிரி. ஒரு தப்பான பார்ட்டால் ரிகர்சலில் கால் மணி நேரம் போவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எழுத்து பெரிசாகத் தெரிய வேண்டும், எங்கள் கிளாரினெட்காரருக்கு வயசாகிவிட்டது. நிறுத்தி நிறுத்தித்தான் வாசிப்போம், கடைசியில் இரண்டு தடவை முழுசாக. அதை ரெக்கார்ட் பண்ணிக்கொள்ளலாம்.

சித்திரைத் திருவிழா நாட்களில் ஊருக்குள் கார் நகராது, அழகர் மலைக்குத் திரும்பியபிறகு மே கடைசியில் வைத்துக்கொள்வோம். ஸ்கூல் ஹால் லீவில் காலியாகத்தான் இருக்கும், பேசிவிட்டேன். மாடி ரூமில் நீங்கள் மூன்று பேரும் தங்கலாம். பார்ட் எல்லாம் பத்து நாள் முன்னாடியே பிடிஎஃப்-ஆக வந்துவிட வேண்டும் என்று பாப்பாவிடம் கண்டிப்பாகச் சொல். நீ இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிக்கிறாய் என்று தங்கச்சி போனில் சொன்னாள். உன் வயலினையும் எடுத்து வா, செகண்ட் வயலினில் ஆள் குறைகிறது.

உன் நண்பன்,
மதுரையிலிருந்து