பெல்லோவைக் கழற்றும் முன் கசிவைத் தேடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏர் சஸ்பென்ஷன் பேருந்து, அதாவது காற்று நிரம்பிய ரப்பர் பைகள் (பெல்லோ) பாடியைத் தாங்கும் பேருந்து, காலையில் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால், யோசிக்காமல் புது பெல்லோ மாட்டிவிடுவது பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. காற்று வேறு இடத்தில் போய்க்கொண்டிருந்தால் மறுநாளும் வண்டி சாயும். செலவழித்த பணம் வீண்.

முதலில் அளக்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, காற்று டேங்கில் காற்று முழுதாக ஏறியதும் (பல வண்டிகளில் அழுத்தம் சுமார் 8 பார்) எஞ்சினை அணைத்து, நான்கு மூலையிலும் தரையிலிருந்து பாடியின் உயரத்தைக் குறித்துவையுங்கள். காலையில் மறுபடி அளங்கள். பெல்லோவில் காற்றை ஏற்றி இறக்கி வண்டியின் உயரத்தைச் சமமாக வைப்பது லெவலிங் வால்வு; பொதுவாக முன்னால் ஒன்று, பின்னால் பக்கத்துக்கு ஒன்று இருக்கும். பின்பக்கம் ஒரு மூலை மட்டும் இறங்கினால் அந்தப் பக்கத்தைப் பார்த்தால் போதும். முன்பக்கம் இறங்கினால் இரண்டு பெல்லோக்களையும் பார்க்க வேண்டும். டேங்க் அழுத்தம் மட்டும் இறங்கி வண்டி நிமிர்ந்தே நின்றால், பெல்லோவை உடனே கழற்ற வேண்டாம்.

அடுத்தது சோப்புத் தண்ணீர். பெல்லோ மடிந்து உருளும் இடத்திலும், மேல் தட்டு விளிம்பிலும், நைலான் குழாய் இணைப்புகளிலும் பிரஷ்ஷால் தடவுங்கள். ஜாக்கியில் தூக்கிவிட்டுத் தேடக் கூடாது; சுமை நீங்கி மடிப்பு விரிந்தால் நுண்ணிய வெடிப்பு கண்ணுக்குத் தப்பிவிடும். வண்டி ஓடும் உயரத்திலேயே நிற்க, சேஸிஸுக்கு அடியில் சிறு இடைவெளி விட்டு ஸ்டாண்ட் கொடுத்த பிறகே உள்ளே போக வேண்டும். ஸ்டாண்ட் இல்லாமல் யாரும் தலையை நுழைக்கவே கூடாது. காற்று இறங்கினால் வண்டி நொடியில் உட்காரும்.

பலரும் பார்க்காமல் விடுவது லெவலிங் வால்வின் வெளியேற்று வாயைத்தான். வண்டி அசையாமல் நின்றும் அங்கே குமிழி வந்துகொண்டே இருந்தால் உள்ளே வால்வு அமர்ந்து மூடும் இடத்தில் (சீட்) அழுக்கு படிந்திருக்கும், அல்லது ரப்பர் தேய்ந்திருக்கும். சந்தேகம் தீரவில்லையா? வால்வுக்கும் பெல்லோவுக்கும் நடுவே காற்றை அடைக்கும் ஒரு திருகு டேப் (tap) மாட்டி, இரவு முழுக்க மூடிவையுங்கள். அப்போதும் இறங்கினால் பெல்லோ பக்கம் கசிவு; இறங்காவிட்டால் வால்வுதான். காற்றின் ஈரத்தை நீக்கும் ஏர் டிரையர் கார்ட்ரிட்ஜைக் கவனிக்காமல் வால்வை மட்டும் மாற்றினால், தண்ணீரும் கம்ப்ரசர் எண்ணெயும் புது வால்வையும் கெடுக்கும். நைலான் குழாயை ரம்பத்தால் சாய்வாக அறுத்துச் சொருகினால் இணைப்பின் உள்ளிருக்கும் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) கிழியும். அதற்குரிய கட்டரால் நேராக வெட்ட வேண்டும்.

பெல்லோவுக்கும் பிரேக்குக்கும் காற்று தருவது ஒரே கம்ப்ரசர். கசிவு இருந்தால் அது ஓய்வின்றி உழைத்துச் சூடாகி எண்ணெய் தள்ளும். பிரேக் காற்றைக் காக்கும் பாதுகாப்பு வால்வை நீக்கிவிட்டு நேராக இணைப்பது பெரும் ஆபத்து. எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) பார்க்கும்போது, எஞ்சினை அணைத்துச் சிறிது நேரம் நிறுத்திவைத்து, வண்டியின் உயரத்தையும் டேங்க் அழுத்தத்தையும் அதிகாரிகள் அளக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

– பேருந்துப் பராமரிப்புத் தொழிலாளர்கள், கரூர்