அத் தாதியா?

அன்பு மகளுக்கு,

போன கிழமை போனில் "அங்கே எல்லாரும் யூதர்தானே அம்மா, பிறகு ஏன் மத விஷயத்தில் ஆளுக்கொரு பெயர்?" என்று கேட்டாய், அதற்குள் சவ்தா கூப்பிட்டதால் வைத்துவிட்டேன். சவ்தா என்றால் பாட்டி, நான் பராமரிக்கும் அம்மாவை வீட்டில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

முதலில் என் கூத்தைக் கேள். இஸ்ரேலில் இந்தப் பெத்தா திக்வா ஊருக்கு வந்த புதிதில் மேல்மாடிப் பெண் ஒருத்தி எபிரேய மொழியில் "அத் தாதியா?" என்றாள். நோயாளியைப் பார்க்கிறவள்தானே நான், ஓம் ஓம் என்று தலையாட்டினேன். அவள் கேட்டது, நீ மதக் கட்டளைகளைக் கைக்கொள்கிறவளா என்று! ஆண் என்றால் தாதி, பெண் என்றால் தாதியா. அன்றிலிருந்து அவள் எனக்குத் தனி மரியாதை தருகிறாள்.

சவ்தாவின் மூத்த மகன் தாதி, பின்னல் தொப்பிக்காரர், வெள்ளி மாலை தொடங்கும் ஓய்வுநாளில் போன், கார் எதையும் தொடாமல் சனிக்கிழமை நடந்தே வருவார். மகள் ஹிலோனித், மதத்தோடு ஒட்டாதவள், அதே சனிக்கிழமை கடற்கரைக்குக் காரில் போகிற வழியில் எட்டிப் பார்ப்பாள். மொரோக்கோவில் பிறந்த சவ்தா தன்னை மசோர்தித் என்பார், அதாவது வழிவந்த வழக்கத்தை விடாதவர். வெள்ளி மாலை பொழுதுபட முன்னம் மெழுகுதிரி ஏற்றி, கண்ணைக் கைகளால் பொத்திக்கொண்டு முணுமுணுப்பார். சாப்பிட்டு முடிந்ததும் தானே ரிமோட்டை எடுத்து டிவியைப் போடுவார்.

பேரப்பிள்ளைகள் கதைதான் சுவாரசியம். ஹிலோனித் மகளின் பையன் இப்போது பக்கத்து ஊரான பினே பிராக்கில், கறுப்புத் தொப்பியோடு ஹரேதி, மதத்தை மிகக் கடுமையாகக் கைக்கொள்கிறவன். கடவுளின் வார்த்தைக்கு நடுங்குகிறவர் என்று பொருள், ஏசாயா நூலில் வரும் சொல். தாய் வீட்டுச் சமையல் மத உணவு விதிப்படி இல்லை என்று, அங்கே வந்தால் சாப்பாடும் காகிதத் தட்டும் கையோடு கொண்டுவருவான். இப்படி மாறியவனுக்கு 'ஹோசேர் பித்ஷுவா' என்று பெயர். தெஷுவா என்றால் மனந்திரும்புதல், பதில் என்றும் பொருள் உண்டு. மூத்த மகனின் பெண் நேர் எதிர், எல்லாவற்றையும் விட்டுவிட்டாள், அவளை 'ஹோசெரெத் பிஷெஏலா' என்கிறார்கள். கேள்விக்குத் திரும்பியவளாம்! அவளோ தன்னைச் சுருக்கமாக தத்லாஷித் என்பாள், 'முன்னாள் தாதி' என்பதன் எழுத்துகளைச் சேர்த்துக் கட்டிய சொல். 'தோஸ்' என்றும் ஒன்று காதில் விழும், அது மதக்காரரைக் கேலி செய்யும் சொல். தெரியாமல் அந்தப் பையனிடமே சொல்லி வாங்கிக்கட்டினேன்.

போன வெள்ளி சவ்தாவே "அத் தாதியா?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடமாட்டேன், சாமிக்கு விளக்கு வைப்பேன், பிறகு உங்களோடு இருந்து டிவி பார்க்கிறேன் என்றேன்.

"அப்ப நீயும் மசோர்தித்" என்று சொல்லி ரொட்டித் தட்டை என் பக்கம் தள்ளினார்.

அம்மா