செயலாளர் ஆண்டறிக்கை 2025: கிரகணக் கணக்கோடு ஓர் ஆண்டு

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். நமது தொல்நாகரிக வாசிப்பு வட்டத்தின் 2025ஆம் ஆண்டு நடவடிக்கைகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

சென்ற பொதுக்குழுவில் பழைய நாகரிகங்களின் மறைஞானத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று பலர் கேட்டிருந்தீர்கள். அப்படித் தலைப்பு வைத்தால் கூட்டம் வரும் என்பது உண்மைதான். பிரமிடை வேற்றுக்கிரகத்தார் கட்டினார்கள் என்று பேசுவதற்கு ஆள் பிடிப்பதும் சுலபம். செயற்குழு நெடுநேரம் வாதாடி வேறொரு முடிவுக்கு வந்தது. எந்த அறிவை மறைத்தார்கள், யார் மறைத்தார்கள், எதற்காக, அது பிறகு எப்படி வெளியே வந்தது என்று சான்றோடு சொல்லக்கூடிய ஒரே பொருளை எடுத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் அதிலேயே நிற்பது என்று தீர்மானித்தோம். எடுத்த பொருள் கிரகணக் கணக்கு.

காரணம் உள்ளூர்க் காரணம்தான். 1825 மே 31 – ஜூன் 1 இரவு நிகழ்ந்த சந்திர கிரகணத்தை நம் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை வைத்தே கணித்துக் காட்டியிருக்கிறார். அது நடந்து 2025இல் 200 ஆண்டு. போதாததற்கு, செப்டம்பர் 7 அன்று நம் தலைக்கு மேலேயே முழுச் சந்திர கிரகணம் வரவிருந்தது. இதைவிடப் பொருத்தமான ஆண்டு கிடைக்காது.

முதல் கூட்டங்கள் இன்றைய ஈராக்கில் இருந்த பாபிலோனுக்குப் போயின. பாபிலோனில் நூற்றாண்டுக் கணக்கில், இரவு தவறாமல் வானத்தைப் பார்த்துக் களிமண் பலகைகளில் ஆப்பெழுத்தால் குறித்து வந்தார்கள். கிடைத்திருக்கும் குறிப்புகளில் மிகப் பழையது கி.மு. 652ஆம் ஆண்டுடையது. நிலவு எந்த நட்சத்திரத்தின் பக்கத்தில் நின்றது, எந்தக் கிரகம் எப்போது உதித்தது, மேகமா மழையா என்று எழுதிவிட்டு, மாதக் கடைசியில் வாற்கோதுமை, பேரீச்சை, எள், கம்பளி ஆகியவற்றின் விலையையும், யூப்ரடீஸ் ஆற்றின் நீர்மட்டத்தையும் சேர்த்து எழுதினார்கள். வான்குறிப்பில் எள் விலைக்கு என்ன வேலை என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நல்ல கேள்வி. அவர்களைப் பொறுத்தவரை வானமும் ஆறும் சந்தையும் ஒரே பேரேட்டில் வரும் வரவுகள். தெய்வங்கள் தங்கள் எண்ணத்தை வானத்தில் எழுதுகின்றன, வாசிக்கத் தெரிந்தவனுக்குக் கீழே நடக்கப்போவது தெரியும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் அத்தனை ஆண்டுகள் அவர்களை மொட்டைமாடியில் உட்கார வைத்தது.

அந்தத் தத்துவம் சில நேரம் ஆளையே விழுங்கியது. அப்போது பாபிலோனையும் ஆண்ட எசர்ஹத்தோன் (கி.மு. 681–669) என்ற அசிரிய மன்னரின் காலத்தில், மன்னருக்கு ஆகாத கிரகணம் என்று பண்டிதர்கள் சொன்னால் வேறொரு ஆளை அரியணையில் ஏற்றிவிடுவார்கள். உண்மையான மன்னர் ஒதுங்கி இருப்பார். அந்த நாட்களில் அவருக்குப் போன கடிதங்கள் அவரை ‘உழவர்’ என்றுதான் விளிக்கின்றன. அதிகபட்சம் நூறு நாள். அதன் பிறகு பதிலி மன்னனைக் கொன்றுவிடுவார்கள், கெட்ட பலனும் அவனோடு போய்விடும் என்று கணக்கு. கிரகண நேரத்தில் வியாழன் தெரிந்தால் மன்னருக்கு ஆபத்தில்லை என்றும் ஒரு விதி இருந்தது, ஆக வியாழன் எங்கே இருக்கிறது என்பதும் அரண்மனைக்கு உயிர்ப் பிரச்சினை. இந்தக் கூட்டத்துக்கு வந்த அளவுக்கு வேறு எதற்கும் ஆள் வரவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த கூட்டத்தில் பாதி நாற்காலி காலி. ஆனால் சரக்கு இருந்தது அங்கேதான். பயந்து பயந்து எழுதி வைத்த குறிப்புகளை அடுக்கிப் பார்த்தபோது பாபிலோனியருக்கு ஓர் ஒழுங்கு தென்பட்டது. 223 சாந்திர மாதங்கள் (அமாவாசைக்கு அமாவாசை ஒரு மாதம்), அதாவது 18 ஆண்டு, 11 நாள், சுமார் 8 மணி நேரம் கழித்துக் கிட்டத்தட்ட அதே கிரகணம் திரும்பி வருகிறது. அந்த 8 மணி நேரத்தில் பூமி மூன்றில் ஒரு பங்கு சுழன்றுவிடுவதால் ஒரே ஊரில் அடுத்தடுத்துப் பார்க்க முடியாது. மூன்று சுற்று, அதாவது 54 ஆண்டும் ஒரு மாதமும் ஆனால் ஏறக்குறைய அதே நேரத்தில் அதே ஊருக்கு வரும். கிரகணம் முன்கூட்டியே தெரிந்துவிட்ட பிறகும் அதைத் தெய்வத்தின் எச்சரிக்கையாகவே கொண்டார்கள் என்பது எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் பஞ்சாங்கத்தில் நேரம் பார்த்துவிட்டுத் தர்ப்பை போடுகிறோம், அதனால் ரொம்பவும் வியக்கக்கூடாது.

மறைப்பு என்ற சங்கதி இங்கேதான் வருகிறது. இத்தகைய பலகைகள் பலவற்றின் அடியில், அறிந்தவன் அறிந்தவனுக்குக் காட்டலாம், அறியாதவன் பார்க்கக்கூடாது என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. இது சில எழுத்தர் குடும்பங்களின் சொத்து, தகப்பனிடமிருந்து மகனுக்குப் போனது. வாழ்வு அதில் இருந்தது, அதனால் காத்தார்கள். கி.பி. முதல் நூற்றாண்டோடு அந்த வரிசை அற்றுப்போனது. ஆப்பெழுத்தை வாசிக்க உலகத்தில் ஓர் ஆள் இல்லாமல் போயிற்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஸ்ட்ராஸ்மையர் என்ற ஏசு சபைப் பாதிரியார் பலகைகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். எப்பிங் என்ற இன்னொரு பாதிரியார் அதிலிருந்த எண்களை நிலவோடு பொருத்திக் கணக்கைப் பிரித்தார். பூட்டி வைத்தவர்களுடைய சாவியும் அவர்களோடு போய்விட, பலகைகளைத் திறக்க ஏறக்குறைய 1,800 ஆண்டு ஆகியிருக்கிறது.

கிரேக்கத்தின் ஆன்டிகித்தெரா என்ற வான்கணக்குக் கருவியைப் பற்றி ஒரு கூட்டம்தான் வைத்தோம். கடலில் மூழ்கிக் கிடந்த பழங்காலக் கப்பலிலிருந்து கடற்பஞ்சு எடுப்பவர்கள் 1901இல் கொண்டுவந்த துருக்கட்டி அது. இப்போது ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில் 82 துண்டுகளாக இருக்கிறது. 30 வெண்கலப் பல்சக்கரங்கள் மிஞ்சியிருக்கின்றன. 2005இல் ஊடுகதிர்ப் படம் எடுத்தபோது பெரிய சக்கரங்களில் ஒன்றுக்கு 223 பல் என்று உறுதியானது. பாபிலோனின் அதே 223! களிமண்ணில் இருந்த எண் கிரேக்கனின் கையில் சக்கரமாகிவிட்டது. மூன்று சுற்றுக்கு ஒரு சின்ன முகப்பும் அதில் உண்டு. நமது உறுப்பினரான ஓய்வுபெற்ற கடிகாரப் பழுது நிபுணர், 223 பல்லை அரத்தால் அறுத்தவனுடைய கையைப் பற்றியே அரை மணி நேரம் பேசினார். குறித்த பேச்சாளரைவிட அவர் பேச்சு நன்றாக இருந்தது என்பது என் சொந்த அபிப்பிராயம்.

அப்புறம் புதுச்சேரி. வாரன் என்பவர் பிரெஞ்சுக் குடும்பத்தில் பிறந்து, பிரிட்டிஷ் படையில் அதிகாரியாக இருந்து, சென்னை வானாய்வகத்தையும் சில காலம் பார்த்துக்கொண்டவர். தென்னாட்டுக் காலக்கணக்கைப் பற்றி 1825இல் சென்னையில் ‘கால சங்கலித’ என்ற பெரிய நூலை வெளியிட்டார். அவர்தான் நாம் பேசும் பஞ்சாங்கக்காரரைப் பற்றி எழுதி வைத்தவர். அந்த மனிதர் வானியல் கோட்பாடு எதுவும் அறியாதவர். ஏன் என்று கேட்டால் அவரிடம் விடை இல்லை. ஆனால் தரையில் சோழிகளை நகர்த்தியபடி, மனப்பாடமாக வைத்திருந்த சொற்களைச் சொல்லிச் சொல்லிக் கிரகணத்தின் நேரத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். தாள் இல்லை, எழுதுகோல் இல்லை.

இதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன்பே இன்னொரு பிரெஞ்சுக்காரர் இங்கே ஒரு தமிழரிடம் இந்தக் கணக்கைக் கற்றார். அவர் லெ ஜென்டில். சூரியனைச் சுக்கிரன் கடப்பதைப் பார்க்க வந்து, 1769 ஜூன் மாதம் மேகம் மூடியதால் ஏமாந்து போனவர். 1765 ஆகஸ்ட் 30 கிரகணத்தின் நீளத்தைத் தமிழர் கணக்கு 41 வினாடி குறைவாகவும், ஐரோப்பிய வானியலாளர் மாயரின் நிலவு அட்டவணை 68 வினாடி அதிகமாகவும் சொன்னது என்பது அவர் குறித்த முடிவு. இதைக் கேட்டதும் கைதட்டல் எழுந்தது. ஒரு கிரகணத்தை வைத்து யார் உயர்ந்தவர் என்று சொல்ல முடியாது என்று தலைவர் உடனே எழுந்து சொன்னார். அவர் சொன்னதுதான் சரி. 1825இல் அதே முறை 52 நிமிடம் தள்ளிப் போயிருக்கிறதே.

மனப்பாடம் செய்த சொற்களில் என்ன இருந்தது என்பதை ஒரு முழுக் கூட்டமாக எடுத்துக்கொண்டோம். வாக்கியப் பஞ்சாங்கத்தின் அடிப்படை நிலவுக்கான 248 வாக்கியங்கள். ஒவ்வொன்றும் ஒரு நாளில் நிலவு எங்கே நிற்கும் என்பதைச் சொல்லும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு, எண்களைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும். முதல் வாக்கியம் ‘கீர்ந: ச்ரேய:’. இதில் கீ 3, ந 0, ரே 2, ய 1. திருப்பிப் படித்தால் 1203. அதாவது 12 பாகை 3 கலை, நிலவு மெதுவாகப் போகும் முதல் நாளில் நகரும் தூரம். அன்று வந்திருந்த பள்ளிப் பிள்ளைகள் இதைப் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டு, தங்கள் பெயர்களையெல்லாம் எண்ணாக மாற்ற ஆரம்பித்துவிட்டார்கள். பெரியவர்கள் கொஞ்சம் திணறினோம்.

ஏன் 248? நிலவு வேகமாகவும் மெதுவாகவும் போவது சுமார் 27.55 நாளுக்கு ஒரு முறை திரும்புகிறது. அப்படி 9 சுற்றுக்கு 248 நாள். இதே 248 நாள் பாபிலோனின் களிமண் பலகையிலும் இருக்கிறது, எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரஸிலும் (நாணல் தாள்) இருக்கிறது. கணித வரலாற்றாசிரியர் நாய்கபவர் 1952இல் தமிழர் வானியலைப் பற்றி எழுதிய கட்டுரையில், வாரன் குறித்த சோழிக் கணக்கை இந்த வரிசையில் வைத்துக் காட்டினார். இந்த இடத்தில் சபையில் இரண்டு கட்சி உருவாயிற்று. வெளியிலிருந்து வந்தது என்றால் நமக்குக் குறைவு என்று ஒரு கட்சி, ஆளுக்கு ஆள் கை மாறி வந்ததுதான் பெருமை என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. பாபிலோனில் எழுத்தே செத்த பிறகும் அந்த எண் புதுச்சேரித் திண்ணையில் வாய்ப்பாடாக உயிரோடு இருந்திருக்கிறது. அதை அங்கே வைத்திருந்தவருக்குக் காரணம் தெரியாமல் போனதுதான் எனக்கு உறுத்துகிறது. அவருக்கு முந்தைய தலைமுறைகளில் யாரோ ஒருவர் செய்முறையை மட்டும் கொடுத்துவிட்டு விளக்கத்தைத் தன்னோடு வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

செப்டம்பர் 7 இரவுக்குக் கடற்கரைச் சாலையில் கூடினோம். 9.57க்குப் பிடிப்பு, 11.01க்கு முழுமை, 12.23 வரை சிவப்பு, 1.26க்கு விடுதல். இடையிடையே மேகம் மறைத்தது, லெ ஜென்டிலை நினைத்து எல்லோரும் சிரித்தோம். சுண்டல் விநியோகம் ஒரு பிரச்சினை ஆனது. கிரகணத்தில் சாப்பிடக்கூடாது என்று ஒரு பகுதியினர், சாப்பிட்டால்தான் மூடநம்பிக்கை ஒழியும் என்று இன்னொரு பகுதியினர். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டியைத் திண்டில் வைத்துவிட்டோம், விடுவதற்கு முன்பே காலியாகிவிட்டது. அன்று மூத்த உறுப்பினர் ஒருவர், தாம் பள்ளியில் படித்தபோது வீட்டு வாசலில் பார்த்த ஒரு முழுக் கிரகணத்தைப் பற்றிச் சொன்னார். கணக்குப் போட்டுப் பார்த்தால் 1971 ஆகஸ்ட் 6 நள்ளிரவு தாண்டி வந்த கிரகணம் அது. 2025 கிரகணத்துக்குச் சரியாக மூன்று சுற்று முந்தையது. நடுவில் 1989இலும் 2007இலும் வந்தபோது நம் ஊரில் பகல். பாபிலோனியர் கண்ட ஒழுங்கை ஒரே மனிதர் இரண்டு முனையிலும் பார்த்திருக்கிறார். இந்த ஆண்டு நாம் நடத்திய எந்த உரையும் இந்த அளவுக்கு எனக்கு விளங்க வைக்கவில்லை.

மற்ற விவரங்கள் சுருக்கமாக. கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார், கையில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்பது மட்டும் என் செய்தி. வாடகைக்கு எடுத்த புரொஜெக்டர் இரண்டு கூட்டங்களில் காலை வாரிவிட்டதால் சொந்தமாக ஒன்று வாங்கலாமா என்பது இன்றைய தீர்மானங்களில் ஒன்று. நூலகத்திலிருந்து எடுத்துப் போன புத்தகங்களைத் திருப்பித் தரும்படி மீண்டும் கேட்டுக்கொள்கிறேன், யார் என்று பெயர் சொல்லவில்லை. பிரமிடு தலைப்பு கிடைக்காததால் கோபித்துக்கொண்டு போன நண்பர்கள் கிரகண இரவில் வந்திருந்தார்கள், மகிழ்ச்சி.

கூட்டக் குறிப்புகள் உறுப்பினருக்கு மட்டும் என்று நமது விதியில் ஒரு பிரிவு இருக்கிறது. பாபிலோன் பலகையின் அடிக்குறிப்பைப் படித்த பிறகு அதை வைத்துக்கொண்டிருக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்தப் பிரிவை நீக்கி, குறிப்புகளைப் பள்ளிகளுக்கும் கேட்பவர்களுக்கும் கொடுக்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. கணக்கின் செய்முறையோடு காரணத்தையும் சேர்த்து எழுத வேண்டும் என்பதும் பரிந்துரையில் உண்டு.

வரும் ஆண்டுக்கு எகிப்தின் தேர் எல் மதீனா என்ற கைவினைஞர் ஊரை எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணம். அரசர்களின் கல்லறைகளை வெட்டி ஓவியம் தீட்டியவர்கள் அங்கே குடியிருந்தார்கள். இரண்டாம் ராமேசஸின் 40ஆம் ஆண்டு வருகைப் பதிவு ஒரு சுண்ணாம்புக்கல் சில்லில் கிடைத்திருக்கிறது. 40 ஆட்களின் பெயரும், தேள் கொட்டியது, பீர் காய்ச்சப் போனான் என்று வராததற்கான காரணங்களும் அதில் இருக்கின்றன. நமது வருகைப் பதிவேட்டைப் பராமரிக்கும் தோழர் இதைப் பார்த்து உற்சாகமாக இருக்கிறார், காரணம் எழுதும் கட்டம் புதிதாகச் சேர்க்கப்படும்.

அதற்கு முன் ஓர் அறிவிப்பு. 2026 மார்ச் 3 மாலை நிலவு கடலிலிருந்து எழும்போதே கிரகணம் பிடித்தபடி எழும், 6.47க்கு விட்டுவிடும். கிழக்கு பார்த்த ஊர் என்பதால் நமக்கு வசதி. 6 மணிக்கே வந்துவிடுங்கள். சுண்டல் விஷயத்தில் முடிவெடுக்கும் அதிகாரத்தை மகளிர் பிரிவுக்குக் கொடுத்திருக்கிறோம்.

அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்