பள்ளி வாசல் சைக்கிள் பாதை: பெற்றோர் கவனத்துக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நம் பள்ளிச் சாலையில் சைக்கிளுக்கென்று பச்சை வண்ணம் அடித்து ஒரு மாதம் ஆகப்போகிறது. “இனி பிள்ளையைத் தனியா சைக்கிள்ல அனுப்பலாமா டீச்சர்?” என்று உங்களில் பலர் கேட்டுவிட்டீர்கள்.

போன வியாழக்கிழமை காலை 8.40க்கு நான் கேட்டருகே நின்றிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பச்சைக் கோட்டுக்குள்தான் வந்துகொண்டிருந்தாள். ஓர் அப்பா அதே கோட்டுக்குள் ஸ்கூட்டரை நிறுத்தி, மகளின் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார். சுற்றிப்போக இவள் ஹேண்டில்பாரை வலப்பக்கம் ஒடித்தாள். பின்னால் வந்த டவுன் பஸ் பிரேக் அடித்த சத்தம் ஸ்டாஃப் ரூம் வரை கேட்டதாம். முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. டிபன் பாக்ஸ் திறந்து எலுமிச்சைச் சாதம் தாரில் கொட்டிக் கிடந்தது. அந்த அப்பாதான் ஓடிவந்து அவளைத் தூக்கினார். நல்ல மனிதர். அரை நிமிஷம்தானே என்று நினைத்திருப்பார்.

கோடு இல்லாதபோது சைக்கிள் எந்தப் பக்கமும் ஒடியும் என்று டிரைவர் பயந்து ஓட்டுவார். கோடு போட்டபின் பிள்ளை அதற்குள்ளேயே போகும் என்று நம்பி ஓட்டுகிறார். அந்த நம்பிக்கையை நிறுத்திவைத்த ஒரு வண்டி கெடுத்துவிடுகிறது. அடைபட்ட பாதைக்குப் பாதையே இல்லாமல் இருப்பது மேல் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது.

லண்டனில் 2010இல் சாலையோரம் நீல வண்ணம் அடித்து சைக்கிள் தடம் போட்டார்கள். அடுத்த ஆண்டே அந்நகரின் ‘போ’ (Bow) என்ற இடத்து ரவுண்டானாவில் இரண்டு சைக்கிள்காரர்கள் லாரி மோதி இறந்தார்கள். பிறகுதான் பல இடங்களில் தடுப்புக் கட்டை வைத்துத் தடத்தைப் பிரித்தார்கள். அங்கும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். இடப்புறம் திரும்பும் லாரிக்கோ பஸ்ஸுக்கோ பக்கத்தில் நிற்கும் சைக்கிள் டிரைவர் கண்ணில் படாது. ஆகவே முக்குக்கு வந்ததும் பஸ்ஸின் இடப்பக்கம் புகுந்து முன்னேறக் கூடாது, பின்னாலேயே நிற்க வேண்டும் என்று வீட்டில் சொல்லுங்கள். இதைக் கேட்டு நடக்கும் பிள்ளை என்றால் தாராளமாக அனுப்பலாம்.

சைக்கிளுக்குப் பயந்து ஸ்கூட்டர் சாவியைக் கொடுக்கும் வீடுகளும் உண்டு, எனக்குத் தெரியும். வேகம் 30இலிருந்து 60 ஆனால் மோதும் ஆற்றல் நான்கு மடங்கு என்பது பிளஸ் ஒன் இயற்பியல் பாடம். 18 வயது ஆகாத பிள்ளை ஓட்டிப் பிடிபட்டால், மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவின்படி 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் பெற்றோருக்குத்தான். பிளஸ் ஒன்னில் தரும் விலையில்லா மிதிவண்டி சில வீடுகளில் துணி காயப்போடவே ஆகிறது.

நெதர்லாந்தில் 1971இல் மட்டும் 400க்கு மேற்பட்ட குழந்தைகள் சாலையில் இறந்தார்கள். பெற்றோர் தெருவில் இறங்கிக் கேட்ட பிறகே அங்கே நிலைமை மாறியது. நாம் தெருவில் இறங்க வேண்டாம். பச்சைக் கோட்டின் ஓரம் தடுப்புக் கட்டை கேட்டு பள்ளி மேலாண்மைக் குழு எழுதியிருக்கும் மனுவில் கையெழுத்துப் போட்டால் போதும். அலுவலக மேசையில் இருக்கிறது.

திங்கள் முதல் டூவீலரில் வருவோர் பின்கேட்டில், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பிள்ளைகளை இறக்கிவிடுங்கள். 8.15க்குத் திறந்திருக்கும். காரில் வருவோர் கதவைத் திறக்குமுன் பின்னால் திரும்பிப் பாருங்கள். சனிக்கிழமை காலை 10 மணிக்கு சைக்கிள் கடை அண்ணன் வந்து பிரேக், பெல் எல்லாம் பார்த்துத் தருவார். பிரேக் கட்டை மாற்ற வேண்டியிருந்தால் அதற்கு மட்டும் காசு கொடுத்தனுப்புங்கள். மழை பெய்தால் அடுத்த சனிக்கிழமை.

இப்படிக்கு,
தலைமையாசிரியை