படத்தின் கீழே எடுத்தவர் பெயர் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழில்முறை சைக்கிள் பந்தயங்களில் வாகனங்கள் பெருகிவிட்டதைப் பற்றிச் சென்ற ஞாயிறன்று தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பந்தயப் பாதையில் ஓடும் மோட்டார் சைக்கிள்களால் வீரர்களுக்கு ஆபத்து நேர்கிறது என்று கட்டுரையாளர் கவலைப்படுவது நியாயமே. ஆனால் அதோடு நிற்காமல், நேரலைத் தொலைக்காட்சியும் கைப்பேசியும் வந்துவிட்ட காலத்தில் புகைப்படக்காரர்கள் தேவையே இல்லை என்றும், அவர்களுடைய நல்ல படங்கள் பெரும்பாலும் அதிர்ஷ்டத்தால் அமைபவை என்றும் எழுதியிருக்கிறார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தப் பந்தயங்களைப் படங்களின் வழியாகவே அறிந்து வருபவன் என்ற முறையில், இந்த இரண்டு கருத்துகளையும் மறுக்க வேண்டியது என் கடமை என்று கருதி எழுதுகிறேன்.

அந்தக் கட்டுரையோடு வெளியான படத்திலிருந்தே தொடங்குகிறேன். கல் பாவிய சாலையில் நான்கு வீரர்கள் புழுதிக்குள்ளிருந்து வெளிப்படுகிறார்கள். கேமரா சக்கரத்தின் அச்சுக்கும் கீழே, ஏறக்குறைய தரையோடு தரையாக இருக்கிறது. வெயில் வீரர்களுக்குப் பின்னாலிருந்து விழுவதால் புழுதி ஒளிர்கிறது. முதலில் வருபவரின் முகம் மட்டும் துல்லியமாகத் தெரிய, மற்ற மூவரும் உருவங்களாகக் கரைந்து நிற்கிறார்கள். அந்த இடத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசும், கிளம்பும் புழுதி எந்தப் பக்கம் ஒதுங்கும், பந்தயம் வந்து சேரும் நேரத்தில் வெயில் எங்கே இருக்கும், வீரர்கள் கற்களின் நடு மேட்டில் வருவார்களா அல்லது ஓரத்து மண் தடத்தை நாடுவார்களா என்பதையெல்லாம் முன்கூட்டியே கணித்த ஒருவரால்தான் அப்படியோர் இடத்தில் போய்க் காத்திருக்க முடியும். பாரிஸ்–ரூபே பந்தயத்தில் மட்டும் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் கல்பாதை, முப்பது அளவிலான துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. அவற்றில் எந்தத் துண்டின் எந்த வளைவில் நிற்பது என்று முடிவெடுப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. அங்கே அதிர்ஷ்டத்துக்கும் இடம் உண்டுதான். ஆனால் அது சரியான இடத்தில் நிற்பவருக்கே கிடைக்கிறது.

மோட்டார் சைக்கிளில் செல்லும் புகைப்படக்காரரின் வேலை இன்னும் கடினமானது. முன்னால் வண்டியை ஓட்ட ஒருவர் இருப்பார். புகைப்படக்காரர் பின்னிருக்கையில் அமர்ந்து, தேவைப்படும்போது முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்தோ, மிதிப்படியில் எழுந்து நின்றோ படமெடுப்பார். மலையிறக்கத்தில் வீரர்கள் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்து வரும்போதும் இதே நிலைதான். புகைப்படக்காரர் பந்தயத்தை நன்கு அறிந்திருந்தும், வண்டியோட்டி அதை அறியாதவராக இருந்தால் படம் கிடைக்காது. ஆகவே பல ஆண்டுகள் ஒரே இணையாக வேலை செய்பவர்கள் இத்துறையில் உண்டு. அவர்கள் விரும்பிய நேரத்தில் விரும்பிய இடத்துக்குப் போக முடியாது. பந்தய நிலவரத்தை அறிவிக்கும் பந்தய வானொலியைக் கேட்டுக்கொண்டே செல்ல வேண்டும். புகைப்பட வண்டிகளை ஒழுங்குபடுத்துவதற்கென்றே தனி வண்டியில் ஓர் அதிகாரி வருகிறார். அவர் அனுமதித்த பிறகே, அனுமதித்த வரிசையில், முன்னணிக் குழுவுக்கு அருகில் சென்று சில நொடிகளில் படமெடுத்துவிட்டு விலகிவிட வேண்டும். ஐந்து மணி நேரப் பந்தயத்தில் அப்படிக் கிடைக்கும் நேரத்தைக் கூட்டினால் சில நிமிடங்கள்தான் தேறும். எஞ்சிய நேரமெல்லாம் மழையிலும் குளிரிலும் காத்திருப்பது, அடுத்து யார் திடீரென வேகமெடுத்து மற்றவர்களைப் பிரிந்து செல்வார் என்று கணிப்பது, இறுதிக் கோட்டுக்கு வீரர்களுக்கு முன்பே போய்ச் சேர்வது என்று கழிகிறது.

வண்டிக்கான அனுமதி கிடைக்காதவர்கள் காரில் பந்தயத்தைத் துரத்துகிறார்கள். ஓரிடத்தில் படமெடுத்ததும் ஓடிப்போய்க் காரில் ஏறி, கிளைச் சாலைகளின் வழியாக மற்றோர் இடத்தில் பந்தயம் வருவதற்கு முன்பே போய் நிற்பது அவர்கள் வழக்கம். மூடிய சாலை எது, திறந்திருக்கும் சாலை எது என்று தவறாகக் கணித்தால் அன்றைய நாள் முழுவதும் வீணாகிவிடும்.

இனி, கேமராவின் வேகத்தால் எல்லாம் எளிதாகிவிட்டது என்ற எண்ணத்துக்கு வருகிறேன். இறுதிக் கோட்டை நோக்கி மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வீரர் ஒரு நொடியில் 19 மீட்டருக்கு மேல் கடந்துவிடுகிறார். நொடிக்கு 20 படங்கள் எடுக்கும் கேமராவிலும் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே அவர் ஏறக்குறைய ஒரு மீட்டர் நகர்ந்திருப்பார். அந்த ஒரு மீட்டருக்குள் கைகள் உயரலாம், கண்கள் மூடலாம், பக்கத்தில் வந்தவரின் தோல்வி முகத்தில் தெரிந்து மறையலாம். இதற்கு நேர்மாறானது, ஷட்டரை வேண்டுமென்றே மெதுவாக வைத்து, கேமராவை வீரரோடு சேர்த்து நகர்த்தி எடுக்கும் முறை. ஷட்டர் ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் அதற்குள் 37 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். எடுப்பவரின் இடுப்பும் தோளும் அதே வேகத்தில், குலுங்காமல், அவரோடு திரும்பினால்தான் முகம் தெளிவாகவும் பின்னாலுள்ள மரங்கள் கோடுகளாகவும் அமையும். நானும் இந்த முறையைப் பல நாட்கள் பயின்று பார்த்திருக்கிறேன். நிலையான தரையில், ஒரே ஒரு சைக்கிளை எதிர்பார்த்து நிற்கும்போதே அது எவ்வளவு கடினம் என்பதை அறிவேன். ஓடும் வண்டியிலிருந்து அதைச் செய்பவர்களை நான் பெருமதிப்போடு நினைக்கிறேன்.

தொலைக்காட்சி இருக்கப் புகைப்படம் எதற்கு என்ற கேள்விக்கு, வரலாற்றிலேயே விடை இருக்கிறது. பல நாட்கள் நடக்கும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், 1964 ஜூலை 12 அன்று பூய் டி டோம் மலையேற்றத்தில் பிரெஞ்சு வீரர்கள் ஜாக் ஆங்க்டீலும் ரேமோன் பூலிடோரும் தோளோடு தோள் உரசியபடி ஏறிச் சென்றார்கள். அன்று பூலிடோர் ஆங்க்டீலைவிட 42 நொடி முன்னதாக மேலே போய்ச் சேர்ந்தார்; ஆயினும் மொத்த நேரத்தில் முதலிடம் பெற்றவர் அணியும் மஞ்சள் சட்டை 14 நொடி வித்தியாசத்தில் ஆங்க்டீலிடமே தங்கிவிட்டது. இந்த எண்களை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. இருவரின் தோள்களும் ஒன்றையொன்று முட்டி நிற்கும் அந்தப் படத்தையோ சைக்கிள் பந்தயத்தை நேசிக்கும் எவரும் மறக்கவில்லை. 1952 டூர் டி பிரான்ஸில் இத்தாலிய வீரர்கள் ஃபௌஸ்டோ கோப்பியும் ஜீனோ பார்த்தாலியும் மலையேற்றத்தின் நடுவே ஒரு தண்ணீர் பாட்டிலைக் கைமாற்றிக்கொள்ளும் படமும் அப்படித்தான். அதைக் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று இத்தாலியர்கள் தலைமுறைகளாக விவாதித்து வருகிறார்கள். ஓடும் காட்சியாக இருந்திருந்தால் விடை இரண்டு நொடியில் தெரிந்திருக்கும். போட்டியாளர்கள் இருவரின் கைகளும் ஒரே பாட்டிலின் மேல் இருக்கும் அந்தக் கணம் இவ்வளவு காலம் வாழ்ந்திருக்குமா என்பது ஐயமே.

போர்க்களப் படங்களுக்காக உலகம் அறிந்த ராபர்ட் காப்பாவும் 1939 டூர் டி பிரான்ஸைப் படமெடுத்திருக்கிறார். பிரிட்டானிப் பகுதியின் பிளேபன் என்னும் ஊரில், வீரர் பியர் க்ளோரெக்கின் சைக்கிள் கடை வாசலில் நின்றுகொண்டு பந்தயம் கடந்து போவதைப் பார்க்கும் மக்களைத்தான் அவர் எடுத்தார். அந்தப் படங்களில் பந்தயம் மனிதர்களின் கழுத்துத் திரும்பலில் மட்டுமே தெரிகிறது. தொலைக்காட்சிக் கேமரா எப்போதும் முன்னணி வீரரைத் துரத்திக்கொண்டிருக்கும்போது, முதுகைத் திருப்பிக்கொண்டு மக்களைப் பார்க்க வேண்டும் என்று முடிவெடுப்பது ஒரு மனிதரின் பார்வை. அந்தப் பார்வை இன்றும் பல வடிவங்களில் தொடர்கிறது. சூரியகாந்தி வயல்களுக்கு அப்பால் செல்லும் வீரர் திரளைக் கிரஹாம் வாட்சன் எடுத்த விதத்தைப் பின்பற்றாத சைக்கிள் இதழ் இல்லை எனலாம். கிறிஸ்டோஃப் ராமோன் களைப்பால் குழிந்துபோன முகங்களின் அருகே செல்கிறார். ஜெரெட் குரூபர், ஆஷ்லி குரூபர் இணையர் நிலப்பரப்பின் விரிவில் வீரர்களைச் சிறு புள்ளிகளாக்கிக் காட்டுகிறார்கள். கோர் வோஸ், யுசுரு சுனாடா, டிம் டி வேலே, போலின் பாலே ஆகியோரின் படங்களையும் பெயரைப் பார்க்காமலேயே அடையாளம் காணப் பழகிய வாசகர்கள் இருக்கிறார்கள். அதிர்ஷ்டத்தால் எடுக்கப்படும் படங்களில் எடுத்தவரின் கையெழுத்து தெரியாது.

மோட்டார் சைக்கிள்களின் ஆபத்தைப் பற்றி மழுப்பாமல் பேச வேண்டும். 2023 டூர் டி பிரான்ஸில் ஜூ பிளான் மலையுச்சியை நெருங்கும்போது வீரர் ததேய் பொகாச்சர் பாய்ந்து முன்னேற முயன்றார். எதிரே மக்கள் கூட்டத்தில் சிக்கி நின்ற இரண்டு மோட்டார் சைக்கிள்களால் அவருடைய வழி அடைபட்டு, முயற்சி வீணாயிற்று. அந்த வண்டிகள் மறுநாள் பந்தயத்திலிருந்து விலக்கப்பட்டதும், 500 சுவிஸ் ஃபிராங்க் அபராதம் விதிக்கப்பட்டதும் சரியான நடவடிக்கைகளே. முன்னால் செல்லும் வண்டி காற்றைக் கிழித்துக் கொடுப்பதால், பின்னால் வரும் வீரருக்குப் பல மீட்டர் தூரம்வரை உதவி கிடைக்கிறது என்பதும் உண்மை. ஆகவே வண்டிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதையும் இடைவெளியை அதிகரிப்பதையும் நான் ஆதரிக்கிறேன். ஆனால் பழி யாருக்கு உரியதோ அவருக்குத்தான் போக வேண்டும். 1994 டூரில் ஆர்மென்டியே நகரின் இறுதிக் கோட்டருகே வில்ஃப்ரீட் நெலிசனும் லாரன்ட் ஜலபெரும் மோசமாக விழுந்து காயமடைந்த விபத்தைக் குறிப்பிட்டு, கேமராவால் நேர்ந்தது என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அன்று பாதைக்குள் சாய்ந்து படமெடுத்துக்கொண்டிருந்தவர் தொழில்முறைப் புகைப்படக்காரர் அல்லர். பாதுகாப்புக்காக நிறுத்தப்பட்டிருந்த காவலர். இறுதிக் கோட்டுக்கு அப்பால், தமக்கென ஒதுக்கப்பட்ட இடத்தில், எண்ணிட்ட மேலங்கியோடு, வேகம் குறையாமல் வரும் வீரர்கள் தம்மீதே மோதக்கூடும் என்று தெரிந்தும் நிற்பவர்களோடு அவரை ஒன்றாக எண்ணுவது அநீதி. 2016இல் வான்டூ மலையில் கிறிஸ் ஃப்ரூம் சைக்கிள் இல்லாமல் ஓடிய அந்த விசித்திரமான காட்சிக்கும் காரணம், சாலையை அடைத்துக்கொண்ட கூட்டத்தால் ஒரு மோட்டார் சைக்கிள் நகர முடியாமல் நிற்க, பின்னால் வந்த வீரர்கள் அதில் மோதி விழுந்ததே. கைப்பேசியை நீட்டிக்கொண்டு சாலைக்குள் இறங்கும் கூட்டம், பயிற்சி பெற்ற புகைப்படக்காரரின் இடத்தை நிரப்பிவிடும் என்று சொல்வதற்கு முன் இதையும் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

பந்தயம் முடிந்த பிறகு தொடங்கும் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2021 அக்டோபர் 2 அன்று, முதன்முறையாக மகளிருக்கு நடத்தப்பட்ட பாரிஸ்–ரூபே பந்தயத்தில் லிஸி டைக்னன் 80 கிலோமீட்டருக்கும் மேல் தனியாக ஓட்டி வென்றார். கையுறை அணியாத அவருடைய உள்ளங்கைகள் கிழிந்து, கைப்பிடியில் இரத்தம் படிந்திருந்தது. வென்றவரின் உயர்ந்த கரங்களை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தபோது, கேமராவைக் கீழே தாழ்த்தி அந்தக் கைப்பிடியைப் பதிவு செய்தார்கள். மகளிருக்கு அந்தப் பாதை தகாது என்று நெடுங்காலம் பேசியவர்களுக்கு அந்த ஒரு படமே போதுமான மறுமொழியாக இருந்தது. விழுந்து கிடப்பவரின் அருகில் எவ்வளவு நெருங்கலாம், எப்போது கேமராவை இறக்கிவிட வேண்டும் என்பதையும் அதே இடத்தில், அதே நொடியில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. வீரர்கள் யாரை அருகில் அனுமதிக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் இத்துறையில் ஒருவருடைய நற்பெயர் அளக்கப்படுகிறது. அது பல ஆண்டு நடத்தையால் வருவது.

இவர்களில் பலர் எந்த நிறுவனத்திலும் மாதச் சம்பளம் பெறுபவர்கள் அல்லர். பயணம், தங்குமிடம், கருவிகள், வண்டியோட்டிக்கான கூலி ஆகியவற்றைத் தாமே ஏற்றுக்கொண்டு, அணிகளுக்கும் இதழ்களுக்கும் படங்களை விற்று வாழ்பவர்கள். படம் வெளியான சில நிமிடங்களில் அது இணையமெங்கும் பெயர் நீக்கப்பட்டுப் பரவிவிடுகிறது. பெயர்தான் அடுத்த வேலையைப் பெற்றுத் தருவது என்ற நிலையில், அந்தப் பெயரை நீக்குவது அவர்கள் பிழைப்பில் கை வைப்பதற்கு ஒப்பாகும்.

இதைத் தங்களிடம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நான் தொடக்கத்தில் விவரித்த அந்தப் புழுதிப் படத்தின் கீழே வீரர்கள் நால்வரின் பெயர்களும் இருந்தன. பந்தயத்தின் பெயர் இருந்தது. எடுத்தவரின் பெயர் இல்லை. கட்டுரையாளரின் பெயரைத் தடித்த எழுத்தில் அச்சிட்ட பக்கத்தில், அதே பக்கத்தின் பாதியை நிரப்பிய படத்துக்கு உரியவர் விடுபட்டிருக்கிறார். முகமைகளிடமிருந்து வரும் படங்களோடு எடுத்தவரின் பெயரும் வழக்கமாக வந்துவிடுவதால், அதைச் சேர்ப்பது தங்கள் அலுவலகத்துக்குப் பெரிய சுமையாக இராது. அந்தப் படத்தை எடுத்தவர் யார் என்பதை வரும் ஞாயிறு இதழில், அதே விளையாட்டுப் பக்கத்தில், திருத்தமாக வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அவருடைய மற்ற படங்களையும் தேடிப் பார்க்க விரும்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்