சென்னபட்டணத்தில் வழிகாட்டிய பெரியவருக்கு நன்றி

சென்ற ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் அல்சூரிலிருந்து குடும்பத்துடன், மரப் பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற கர்நாடக ஊரான சென்னபட்டணம் சென்றிருந்தோம். பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். மைசூர் செல்லும் ரயிலில் ஏறினால் சிரமமே இல்லை. நெடுஞ்சாலையோரக் கடையொன்றில் பொம்மைகளை விலை பேசிக்கொண்டிருந்தபோது, எங்கள் தமிழைக் கேட்டு அருகில் வந்த பெரியவர் ஒருவர், "வாங்குவதற்கு முன் செய்வதைப் பார்த்துவிடுங்கள் அம்மா" என்று சொல்லி, ஊருக்குள் இருந்த ஒரு பட்டறைக்குத் தாமே நடந்து அழைத்துச் சென்றார்.

கன்னடத்தில் ஆலே மரம் என்றும் நம்மிடம் வெட்பாலை என்றும் வழங்கும் வெளிர்நிற மரத்துண்டு கடைசல் இயந்திரத்தில் சுழல, அதன்மீது அழுத்திய மஞ்சள் அரக்குக் குச்சி உராய்வுச் சூட்டிலேயே உருகிப் படிவதையும், பிறகு தாழை மடலை வைத்து அழுத்தியதும் மங்கலாயிருந்த நிறம் கண்ணாடிபோல் பளபளப்பதையும் என் மகள் இமைக்காமல் பார்த்தாள். திப்பு சுல்தான் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் கலை என்று படித்திருந்தேன். அரக்கின் மணத்தை எந்த ஏடும் சொன்னதில்லை. கன்னடம் தடுமாறும் எனக்காக ஒவ்வொரு கேள்வியையும் கைவினைஞரிடம் கேட்டு விளக்கியவரும் அவரே.

காபி குடிக்க அழைத்தபோது, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எங்களைத்தான் விரட்டினார். பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். ஐயா, மகள் வாங்கிய பம்பரம் இன்றும் எங்கள் கூடத்தில் சுழல்கிறது, மிக்க நன்றி.