மெதுவான ஹாடனர் என்று நீங்கள் அனுப்பிய போத்தல் பற்றி

அளம்பில்,
முல்லைத்தீவு.
14.07.2025

முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதுகிற நாலாவது கடிதம். முதல் மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதினேன். ஒன்றுக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு விழுந்தது, அவ்வளவுதான். ஒன்றுக்கு அதுவும் இல்லை. மூன்றாவதுக்கு "வெயிலில் வைத்துக் கலந்திருப்பீர்கள்" என்ற கருத்தில் ஒரே ஒரு வரி வந்தது. சரி, இந்த முறை எனக்கு வசதியான மொழியில் எழுதுகிறேன். வாசிக்க ஆள் இல்லை என்று சொல்ல ஏலாது, தொலைபேசியில் என்னோடு கதைத்த பையன் நல்ல தமிழ் கதைத்தார். உங்கள் போத்தலிலும் தமிழ் இருக்கிறது. அந்தத் தமிழைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் காசு கட்டிக் கேட்டது மரம் ஒட்டுகிற எப்பொக்சி ரெசினும், அதோடு கலந்து அதை இறுக வைக்கிற மெதுவான ஹாடனரும். நீங்கள் அனுப்பியது வேகமான ஹாடனர், மேலே மெதுவானது என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பற்றுச்சீட்டு மே 2ஆம் திகதி, கூரியர் கூலியோடு 24,550 ரூபாய். அதனால் என்னுடைய வள்ளத்தில் மூன்று மாத வேலை கெட்டது. அதைவிட எனக்குக் கோபம் வந்தது நீங்கள் பழியை என் தலையில் போட்டதில்தான்.

வள்ளம் என்றதும் மீன்பிடி வள்ளம் என்று நினைக்க வேண்டாம். இது எண்டர்பிரைஸ் என்கிற வகை, 1956இல் ஜாக் ஹோல்ட் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்த சின்னப் பாய்வள்ளம், பதின்மூன்றே கால் அடி, பிளைவுட்டில் செய்தது, நீலப் பாய். பொல்கொட ஏரிக்கரையில் ஒருவர் வெளிநாடு போகிற அவசரத்தில் விற்றதை 2017இல் வாங்கி, லொறியில் ஏ9 வீதியால் மாங்குளத்துக்குக் கொண்டுவந்து அங்கிருந்து முல்லைத்தீவு வீதியால் இறக்கினேன். இறக்கின அன்றைக்கு பக்கத்து மீன்வாடியின் முதலாளி, சம்மாட்டி, சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சேர், இதில வலை எங்க வைக்கிறது?" என்று கேட்டார். வலை வைக்க இடமில்லை என்றேன். "அப்ப என்னத்துக்கு?" என்றார். இன்று வரைக்கும் அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் 2022 ஆவணியில் வள்ள எஞ்சினுக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340க்கு ஏறினபோது, அதுவும் வரிசையில் நின்றும் கிடைக்காதபோது, அதே சம்மாட்டிதான் பாய் தைக்கிற துணி எங்கே எடுக்கலாம் என்று என் வீட்டுப் படலையில் வந்து நின்றார்.

இந்த வகை வள்ளத்துக்கு அடியில் நிரந்தரமாக நீட்டிக்கொண்டிருக்கிற ஏரா கிடையாது. நடுவில் ஒடுங்கின பெட்டி ஒன்று, அதற்குள்ளால் ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்க வேண்டும். இறக்காவிட்டால் காற்றுப் பக்கம் ஏறாது, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இழுபடும். நான் ஓடுவது நாயாற்றுக் களப்பில். அங்கே பல இடங்களில் தண்ணீர் இடுப்பளவுதான், பலகை மணலில் முட்டிக்கொண்டே இருக்கும். குறுமணலும் சிப்பித் துண்டும் பெட்டிக்குள் ஏறி இறுகிவிடும், பிறகு பலகையை ஆட்டி ஆட்டித்தான் மேலே எடுக்க வேண்டும், அப்படி ஆட்ட ஆட்ட பெட்டியும் வள்ளத்தின் அடியும் சேருகிற மூட்டு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கொடுக்கும். போன வருடம் அரை மணித்தியாலம் ஓடினால் ஒரு வாளி தண்ணீர் அள்ள வேண்டிய நிலைமை வந்துவிட்டது.

சம்மாட்டி சொன்ன வைத்தியம் கலப்பத்துப் பார்ப்பது: மூட்டுக்குள் பருத்தி நூலை அடைத்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசு என்றார். பலகை வள்ளத்துக்கு அது அருமையான வேலை, பலகை ஊறிப் பருத்து நூலை நெருக்கிப் பிடிக்கும். பிளைவுட் ஊறக்கூடாது. ஊறினால் ஒட்டு விட்டு ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். ஆகவே எப்பொக்சிதான் வழி என்று முடிவெடுத்து உங்களிடம் வந்தேன். முதல் தடவை, போன கார்த்திகையில், வாங்கின சின்னப் போத்தலில் ஒரு குறையும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதில் மிச்சம் இருந்தது பிறகு எனக்கு உதவினது.

மாசியில் மழை விட்டதும் வள்ளத்தைக் கவிழ்த்து, வேம்புக்குக் கீழே கிடுகுக் கொட்டில் போட்டுக் காயவிட்டேன். பெட்டியைக் கழற்றினேன். அதற்குள் இருபத்தேழு பித்தளைத் திருகாணி, ஒன்பது தலை உடைந்தது. அழுகின இடத்தை உளியால் எடுத்து, புதுத் துண்டின் விளிம்பைத் தடிப்புக்கு எட்டு மடங்கு நீளச் சரிவாகச் சீவி, பழைய போத்தலால் ஒட்டினேன். அந்த ஒட்டு இப்போதும் கல் மாதிரி இருக்கிறது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்து அடுத்த கிழமை பெட்டியைத் திரும்பப் பூட்ட நாள் பார்த்தேன், புதுப் போத்தலை அன்றுதான் உடைத்தேன்.

காலை ஆறரை மணி. கொட்டிலுக்குள் வெப்பமானி 28 பாகை. எட்டுக் கிளாம்ப், திருகாணி எல்லாம் ஒழுங்காக அடுக்கி, மருமகனைப் பெட்டியைப் பிடிக்க வைத்துவிட்டு, தராசில் நிறுத்து 400 கிராம் ரெசினும் 200 கிராம் ஹாடனரும் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் விட்டுக் கலக்கினேன். இரண்டு நிமிடம் கலக்கு, பிறகு பூசு. மூட்டில் பாதித் தூரம் பூசியிருப்பேன், டப்பா கையைச் சுட்டது. என்ன என்று பார்க்கிறதுக்குள் பிளேன்ரீ நிறத்துக்கு மாறி, தொதல் பதம் முற்றின மாதிரித் தூரிகையோடு நூல் இழுத்தது. அடுத்த நிமிடம் புகை. மருமகன் டப்பாவைப் பறித்து வெளியே மணலில் எறிந்தான், எறிகிறபோதே டப்பாவின் அடி உருகித் தொங்கினது. வற்றாப்பளையில் உப்புத் தண்ணீரில் விளக்கு எரிவதை ஒவ்வொரு வைகாசியும் கும்பிட்டுவிட்டு வருகிறவன் நான், அது அம்மன் காரியம். ஐஸ்கிரீம் டப்பாவில் புகை வந்ததற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பூசின பாதி இறுகிவிட்டது, மற்றப் பாதியில் ஒன்றும் இல்லை, பெட்டி அரை அங்குலம் சரிந்து ஒட்டிக்கொண்டது. அதை உளி வைத்துப் பிரிக்க மூன்று நாள். பிரிக்கும்போது நான் சீவி ஒட்டின புதுத் துண்டும் பிளந்து வந்துவிட்டது.

பின்னேரம் ஆத்திரம் அடங்கின பிறகு போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஸ்டிக்கரின் ஒரு மூலை எழும்பி நின்றது. நகத்தால் சுரண்டினேன். அடியில் இன்னொரு லேபிள், அதில் ஆங்கிலத்தில் 'ஃபாஸ்ட்' என்று கொட்டை எழுத்து, தொகுதி எண்ணும் வேறு. மேல் ஸ்டிக்கரில் இருக்கிற எண் 17இல் முடிகிறது, அடியில் இருப்பது 42இல். இரண்டையும் படம் எடுத்து இத்தோடு வைத்திருக்கிறேன். இனி அந்தத் தமிழ். 'மெதுவான கடினமானவர்' என்று அச்சடித்திருக்கிறீர்கள். யாரோ கணினியைக் கேட்டிருக்கிறீர்கள், அது ஹாடனரை ஒரு பொல்லாத மனிசனாக்கிவிட்டது. என் மனைவி அதை வாசித்துவிட்டு, "உங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாங்கள்" என்றாள். ஹாடனர் என்றே தமிழ் எழுத்தில் போடுங்கள், எல்லோருக்கும் விளங்கும்.

தொலைபேசியில் உங்கள் பையன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அங்கிள், அங்க சரியான வெயில்தானே. ரெண்டுக்கு ஒண்டு கணக்கு, தெரியும்தானே?" தம்பி, நான் இருபத்தாறு வருடம் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்தவன். இடம்பெயர்ந்து மரத்துக்குக் கீழே வகுப்பு நடந்த காலத்தில், தராசு இல்லாமல், மருந்துக் குப்பி மூடியால் அளந்து செய்முறை காட்டினவன். ரெசினும் ஹாடனரும் சேருவது புறவெப்பத் தாக்கம், அதாவது சேரும்போது வெப்பம் வெளிவரும். வெப்பம் வெளியே போக வழியில்லாவிட்டால் அந்த வெப்பமே தாக்கத்தை இன்னும் விரைவாக்கும். வெப்பநிலை பத்துப் பாகை கூடினால் வேலை செய்கிற நேரம் ஏறக்குறையப் பாதியாகும். இதெல்லாம் தெரிந்துதான் வன்னி வெயிலுக்கு மெதுவானது வேண்டும் என்று கேட்டு வாங்கினேன், தெரிந்துதான் காலை ஆறரைக்குத் தொடங்கினேன். உங்கள் மேல் ஸ்டிக்கரில் 25 பாகையில் 45 நிமிடம் என்று இருக்கிறது. 28 பாகையில் அது கொஞ்சம் குறையலாம். ஆறு நிமிடத்தில் புகை வராது.

என்னில் பிழையே இல்லை என்றும் சொல்லவில்லை. 600 கிராமை ஆழமான டப்பாவில் வைத்திருக்கக்கூடாது, அகலத் தட்டில் பரப்பியிருக்க வேண்டும். அதனால்தான் உங்களுக்கு எழுதுமுன் சோதித்துப் பார்த்தேன். இரண்டு யோகட் கோப்பை, இரண்டிலும் ஒரே ரெசின் 30 கிராம், ஒன்றில் பழைய போத்தல் ஹாடனர் 15 கிராம், மற்றதில் புதியது 15 கிராம், ஒரே மேசை, ஒரே நேரம். பழையது 38 நிமிடத்தில் இறுகத் தொடங்கினது, புதியது 11 நிமிடத்தில். மூன்று நாள், மூன்று தடவை, ஒன்றிரண்டு நிமிட வித்தியாசத்தில் அதே முடிவு. வெயில்தான் காரணம் என்றால் அந்த வெயில் ஒரு கோப்பைக்கு மட்டும் அடித்திருக்க வேண்டும்.

எனக்கு வந்த நட்டம் காசாகப் பார்த்தால் பெரிதில்லை. வள்ளம் ஓடுகிற காலம் எனக்கு ஆவணி, புரட்டாதி. ஐப்பசியில் மழையும் வாடையும் தொடங்கினால் மாசி வரைக்கும் கொட்டிலோடு கிடக்க வேண்டியதுதான். இப்போது மரம் காய்ந்து, புதுத் துண்டு சீவி, திரும்ப ஒட்டுவதற்குள் அந்தக் காலம் போய்விடும், அதாவது இந்த வருடம் இல்லை.

ஆனால் இன்னொன்று இருக்கிறது. என்னுடைய பெட்டி விட்டால் நாயாற்றில் இறங்கி, வள்ளத்தை இழுத்துக்கொண்டு நடந்து கரைக்கு வருவேன். இதே தொகுதியில் இன்னும் எத்தனை போத்தலுக்கு ஸ்டிக்கர் மாற்றினீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். டப்பாவில் புகை வராமல், சும்மா கொஞ்சம் கெதியாக இறுகிவிட்டது என்று நினைத்து, உள்ளே பிடிக்காத ஒட்டின் மேல் பெயின்ற் அடித்துக்கொண்டு ஆழ்கடலுக்குப் போகிற ஒருவரிடம் அந்தப் போத்தல் போயிருந்தால்? அவருக்கு நடந்து வர இடமில்லை.

ஆகவே எனக்கு வேண்டியது கட்டின 24,550 ரூபாயும் பிளந்த பிளைவுட்டுக்கு 6,800 ரூபாயும். மூன்று நாள் உளி வேலைக்கும் மருமகனின் சேட்டுக்கும் கணக்குப் போடவில்லை. பணத்தை விட முக்கியமாக, 17இல் முடிகிற அந்தத் தொகுதியை வாங்கின எல்லோருக்கும் நீங்கள் அறிவித்தீர்கள் என்பதை எழுத்தில் தர வேண்டும். பதிலாக வேறு போத்தல் அனுப்புகிறோம் என்ற பேச்சு வேண்டாம், அதன் ஸ்டிக்கரை யார் சுரண்டிப் பார்ப்பது?

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்துக் கேட்டுவிட்டேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி விற்ற நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும். எனக்கு அது ஓகஸ்ட் 2 வரை. யூலை 25க்குள் உங்கள் பதில் வராவிட்டால் இந்தக் கடிதத்தின் பிரதியும் படங்களும் அங்கே போகும்.

போத்தலைத் திருப்பி அனுப்பச் சொல்லித் தொலைபேசியில் கேட்டிருந்தீர்கள். அனுப்ப மாட்டேன். பாதிக்கு மேல் ஹாடனர் அப்படியே இருக்கிறது, இரண்டு லேபிளோடும் அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். பார்க்க வேண்டுமென்றால் ஆளை அனுப்புங்கள், யோகட் கோப்பையும் தராசும் வீட்டில் இருக்கிறது, முன்னால் வைத்துக் கலந்து காட்டுகிறேன். வருகிறவர் காலையில் வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கடையில் இரண்டு தடவை வாங்கின வாடிக்கையாளர்

இணைப்பு: பற்றுச்சீட்டுப் பிரதி, போத்தலின் படம் நான்கு, உருகின டப்பாவின் படம் ஒன்று.